கதை சொல்லும் சிறப்புக் கட்டுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதழியல் மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்த நிருபர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வார இதழ் ஒன்றின் டெஸ்க்கில் பிறர் எழுதியவற்றைத் திருத்தியே பெரும்பகுதிக் காலத்தைக் கழித்தவன் நான். ஆகவே பதில்களில் எழுதுபவரின் உற்சாகத்தைவிடத் திருத்துபவரின் சந்தேகம் சற்றுத் தூக்கலாகத் தெரியலாம்.

சிறப்புக் கட்டுரை என்பது செய்தியிலிருந்து எங்கே பிரிகிறது?

வாசகர் எந்த வரியில் நிறுத்திக்கொண்டாலும் முக்கியமானது அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் எழுதப்படுவது செய்தி. அதனால்தான் யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் என்பவையெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிடுகின்றன. பக்கத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டிக்கொள்ளலாம். தலைகீழ்ப் பிரமிடு என்று வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். ஃபீச்சர் என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்ட சிறப்புக் கட்டுரையோ, கடைசிப் பத்தியை வெட்டினால் மொத்தமும் செத்துவிடும்படி எழுதப்படுகிறது. வாசகர் கடைசி வரை வந்தாக வேண்டும் என்ற இந்தத் தேவைதான் இதழாளர்களைக் கதைசொல்லிகளிடம் பாடம் கேட்க வைத்தது.

கதை உத்திகள் என்று குறிப்பாக எவற்றைச் சொல்கிறீர்கள்?

1960களில் அமெரிக்க இதழ்களில் பரவிய 'புதிய இதழியல்' என்ற போக்கைப் பற்றி, அதன் முன்னோடிகளுள் ஒருவரான டாம் வுல்ஃப் 1973இல் எழுதியபோது நான்கு உத்திகளை எடுத்துச் சொன்னார். நடந்ததைச் சுருக்கிச் சொல்லாமல் காட்சி காட்சியாக நகர்த்துவது முதலாவது. பேசியவற்றைப் பேசியபடியே, உரையாடலாகத் தருவது இரண்டாவது. ஒவ்வொரு காட்சியையும் அதில் இருக்கும் ஒருவருடைய கண் வழியாக, அவர் மனத்தில் ஓடியதோடு சேர்த்துக் காட்டுவது மூன்றாவது. நான்காவதைத்தான் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை: ஒருவர் உடுத்தும் விதம், வீட்டில் எந்தச் சாமானை முன்னறையில் வைத்திருக்கிறார், எதை உள்ளே மறைக்கிறார், தமக்குக் கீழே உள்ளவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பன போன்ற, சமூகத்தில் தம்மை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சின்ன விவரங்கள்.

இவற்றை எழுத்து நடைக்குரிய உத்திகளாக மட்டும் படிப்பதுதான் முதல் தவறு என்பது என் கருத்து. காட்சி எழுத வேண்டுமானால் அங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது இருந்தவர்கள் மூன்று பேரையாவது தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். உரையாடல் எழுத வேண்டுமானால் குறிப்பேடு திறந்திருக்க வேண்டும். நான்குமே களத்தில் எதைத் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பவை. களத்தில் கோட்டைவிட்டதை மேசையில் உட்கார்ந்து நடையால் ஈடுகட்ட முயல்கிற கட்டுரையை இரண்டாவது பத்தியிலேயே அடையாளம் கண்டுவிடலாம். அங்கே உரிச்சொற்கள் அளவுக்கு மிஞ்சி நிற்கும்.

இது சிறப்பாக வந்த ஒரு கட்டுரையைச் சுட்ட முடியுமா?

ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், ஜான் ஹெர்சி ஹிரோஷிமாவைப் பற்றி எழுதியதைத்தான் சொல்வேன். அணுகுண்டு விழுந்து ஓராண்டு கழிந்து, 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் அது வந்தது. சுமார் 31,000 சொற்கள். தொடராக வெளியிட எழுதப்பட்டதை, துணை ஆசிரியர் வில்லியம் ஷான் வற்புறுத்தியதால் ஒரே இதழில் முழுவதுமாகப் போட்டார்கள். வழக்கமான கேலிச்சித்திரங்களும் மற்றக் கட்டுரைகளும் அந்த வாரம் கிடையா. அட்டையில் மட்டும் ஒரு பூங்காவில் மக்கள் கோடைப் பொழுதைக் கழிக்கும் மலர்ச்சியான ஓவியம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் அதைப் புரட்டிய வாசகரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

குண்டின் வலிமை, இறந்தோர் எண்ணிக்கை, அரசியல் விவாதம் எல்லாம் அதற்குள் ஓராண்டாக அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. ஹெர்சி பலரைச் சந்தித்து, அவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்: அலுவலக எழுத்தர் ஒருவர், தையற்காரரின் மனைவியாக இருந்து போரில் கணவரை இழந்த பெண் ஒருவர், மருத்துவர்கள் இருவர், ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர், மெதடிஸ்ட் போதகர் ஒருவர். 8 மணி 15 நிமிடத்துக்கு ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் தொடக்கம். தோஷிகோ சசாகி என்ற எழுத்தர் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு மருத்துவர் ஆற்றை ஒட்டிய தம் மருத்துவமனைத் திண்ணையில் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்த பெண் சமையலறைச் சன்னல் வழியே, விமானத் தாக்குதலின்போது தீ பரவாமலிருக்க வெட்டவெளி உண்டாக்குவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாமே இடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பல உயிர்களை ஒரே விபத்துக் கணத்தில் சந்திக்கவைக்கும் இந்த அமைப்பு ஹெர்சியின் சொந்தக் கண்டுபிடிப்பன்று. கப்பல் பயணத்தில் உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது, பெரு நாட்டில் ஒரு பாலம் அறுந்து ஐந்து பேர் இறப்பதைச் சொல்லும் தார்ன்ட்டன் வைல்டரின் நாவல் அவர் கைக்கு வந்தது. வடிவம் அங்கிருந்து கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நாவலிலிருந்து இதழியலுக்கு ஒரு கட்டமைப்பு நேரடியாக இடம் பெயர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அந்தக் கட்டமைப்பை நிரப்பியவை கேட்டுப் பெற்ற விவரங்கள். தெருஃபுமி சசாகி என்ற இளம் மருத்துவர் பணிபுரிந்த செஞ்சிலுவை மருத்துவமனையில் 600 படுக்கைகள். அன்று அங்கே வந்து சேர்ந்தவர்கள் பத்தாயிரம் பேருக்குக் குறையாது என்கிறார் ஹெர்சி. இந்த எண்ணை அவர் தனியே நிற்க விடவில்லை. வெடிப்பில் கண்ணாடியை இழந்த அந்த மருத்துவர், காயம்பட்ட செவிலியர் ஒருவரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அது அவர் பார்வைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆயினும் ஒரு மாதத்துக்கும் மேலாக அதைக்கொண்டே சமாளிக்கிறார். பத்தாயிரம் என்ற எண்ணை மனம் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. பொருந்தாத கண்ணாடி வழியாக அந்தப் பத்தாயிரம் பேரைப் பார்க்க வேண்டியிருந்த ஒருவரை அது மறப்பதில்லை.

ஹெர்சியின் நடை வறண்டிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்களே?

வறண்டுதான் இருக்கிறது, வேண்டுமென்றே அப்படி எழுதினார். போதகர் தனிமோட்டோ தீக்காயம் பட்டவர்களை ஆற்றங்கரையிலிருந்து படகில் ஏற்றும் பகுதியைப் பாருங்கள். ஒரு பெண்ணின் கைகளைப் பிடித்து இழுக்கும்போது தோல் கையுறைபோல் கழன்று வருகிறது. அவர் சற்று நேரம் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு இவர்கள் மனிதர்கள், இவர்கள் மனிதர்கள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். 'நெஞ்சை உலுக்கும்', 'கொடூரமான' போன்ற ஒரு சொல்கூட அங்கே இல்லை. எழுத்தாளர் அழுதுவிட்டால் வாசகருக்கு அந்த வேலை மிச்சமில்லாமல் போய்விடும்.

கதையாக எழுதினால் தகவல் பின்னுக்குப் போய்விடாதா?

கதையையும் தகவலையும் இரண்டு தனிப் பாத்திரங்களாக வைத்துக்கொண்டு, ஒரு கரண்டி இது, ஒரு கரண்டி அது என்று பரிமாறினால் போகத்தான் செய்யும். தகவல், காட்சியில் இருக்கும் ஒரு பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்துப் பனையேறிகளைப் பற்றி இளைஞர் ஒருவர் எழுதிவந்த கட்டுரையின் முதல் வரைவு, பனைத் தொழில் நலிந்துவருகிறது, பனையேறிகளின் வாழ்க்கை துயரம் நிறைந்தது என்று தொடங்கியது. இரண்டும் உண்மைதான், இரண்டுக்கும் ஊருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. திரும்பிப் போய், ஒருவருடன் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வருமாறு சொன்னேன். அடுத்த வரைவில், விடிவதற்கு முன் ஒருவர் மரத்தடியில் குந்தி, கலயத்தின் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு தடவுகிறார். காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு ஏறுகிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தை மாட்டிவிட்டு இறங்குகிறார்.

சுண்ணாம்பு எதற்கு? அது இருந்தால்தான் பாளையிலிருந்து சொட்டுவது புளிக்காமல் பதனீராக நிற்கும், இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. ஆக, அந்தச் சுண்ணாம்புக் கறை படிந்த விரலில் ஒரு சட்டமே ஒட்டியிருக்கிறது. அடுத்து, பாளையை அன்றாடம் சீவ வேண்டும், விட்டால் ஊறுவது நின்றுவிடும் என்ற தொழில் விவரத்திலிருந்து, பருவம் முழுக்க அவருக்கு விடுப்பு என்பதே கிடையாது என்ற செய்திக்கு வாசகரை இழுக்காமலே கூட்டிப்போகலாம். தடையின் வரலாற்றையும் கருப்பட்டி விலையையும் பற்றி அந்த இளைஞர் சேகரித்திருந்த தகவல்களில் ஒன்றைக்கூட நாங்கள் நீக்கவில்லை; ஒவ்வொன்றுக்கும் காட்சியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

எல்லாக் கட்டுரையும் ஒரு மனிதரை வைத்துத்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். 'அதிகாலை மணி ஐந்து. ஊர் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது' என்று தொடங்கும் கட்டுரைகளை நான் எண்ணுவதை நிறுத்திப் பல காலமாகிறது. தொடக்கத்தில் வரும் மனிதர் இரண்டாம் பத்தியோடு காணாமல் போய், எஞ்சிய பகுதி முழுக்க அதிகாரிகளும் நிபுணர்களும் பேசினால், அவரை வாசலில் நிற்கும் பொம்மையாகத்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று பொருள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஜிம்மி பிரெஸ்லின் எழுதியது இன்றும் பாடமாக இருக்கிறது. 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டபின் நூற்றுக்கணக்கான நிருபர்கள் வாஷிங்டனில் குவிந்து, ஒரே ஊர்வலத்தை, ஒரே தலைவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன்' நிருபரான பிரெஸ்லின், ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் குடியரசுத் தலைவருக்குக் குழி வெட்டிய தொழிலாளியைத் தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமையானாலும் வேலைக்கு அழைப்பு வரும் என்று எதிர்பார்த்து எழுந்த அவருக்கு மனைவி காலை உணவு சமைத்துத் தருகிறார். அவருடைய கூலி மணிக்கு 3 டாலர் 1 சென்ட். அந்த ஒரு சென்ட்டைக் கேட்டு எழுதியதில்தான் நிருபர் தெரிகிறார். அடக்கம் நடந்த நேரத்தில் அந்தத் தொழிலாளி அதே தோட்டத்தின் வேறொரு பக்கம் மற்றவர்களுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அவரை முதல் பத்தியோடு விட்டுவிடாமல் கடைசி வரை கொண்டுபோனதுதான் அந்தக் கட்டுரையின் பலம்.

'இதை ஏன் படிக்கிறேன்' என்று சொல்லும் பத்தி எங்கே வர வேண்டும்?

தொடக்கக் காட்சி முடிந்ததும், வாசகருக்கு அந்தக் கேள்வி எழுவதற்குச் சற்று முன்னால். இதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. எங்கள் டெஸ்க்கில் 'எதுக்குப் பத்தி' என்போம். நான்கு வரிக்கு மேல் போனால் அது தலையங்கமாகிவிடும்.

ஒருவர் மனத்தில் நினைத்ததை நிருபர் எப்படி எழுத முடியும்? அது கற்பனை ஆகாதா?

கேட்காமல் எழுதினால் கற்பனை. கேட்டு எழுதினால் செய்தி. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. அதே பனையேறியிடம் அந்த இளைஞர் நடத்திய உரையாடலின் குறிப்பு இது:

"உச்சியில இருக்கும்போது என்ன நெனைப்பீங்க, அண்ணாச்சி?"

"என்னத்த நெனைக்க, தம்பி? வேலைதான்."

"நேத்து சாயங்காலம் ஏறுனீங்கல்லா, அப்போ?"

"நேத்தா? நேத்து மேக்கால இருட்டிட்டு வந்துச்சு. கலயத்துல மழத்தண்ணி விழுந்திருமேன்னு பாத்தேன். பெறவு, கீழ துண்டுல சுத்தி வச்ச போனு நனைஞ்சிரும்லான்னு ஒரு நெனப்பு."

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட கணத்துக்குள் அவரைத் திரும்ப நிறுத்திக் கேட்டபோது, துண்டில் சுற்றிய போன் வந்தது. எழுத்தாளர் எவரும் கற்பனையில் அந்தப் போனை எட்டியிருக்க மாட்டார். வானத்தைப் பார்த்துத் தம் தலைவிதியை எண்ணினார் என்று எழுதியிருப்பார்.

பேட்டியே கிடைக்காதபோதும் வழி உண்டு. ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி எழுதப் போன கே டலீஸிடம், அவருக்குச் சளி பிடித்திருக்கிறது, பேச மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். டலீஸ் ஊர் திரும்பவில்லை. பாடகரைத் தூரத்தில் நின்று கவனித்தார். அவரைச் சுற்றி இருந்தவர்களிடம் பேசினார். ஒரு கிளப்பில் யாரோ ஒருவர் அணிந்திருந்த காலணியைச் சாக்கிட்டுச் சினாட்ரா வம்புக்குப் போன சிறு காட்சி, பாடகரின் மனநிலையை ஒரு முழுப் பேட்டியைவிடத் தெளிவாகக் காட்டிவிட்டது. 1966 ஏப்ரல் 'எஸ்குவயர்' இதழில் வந்த அந்தக் கட்டுரையின் மையமே, மறுப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சளிதான்.

இந்த உத்திகளால் புதிய செய்தி ஏதாவது கிடைத்ததுண்டா, அல்லது தெரிந்ததை அழகாகச் சொல்ல மட்டும்தானா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொலம்பியாவில் 1955 பிப்ரவரி இறுதியில், அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'கால்தாஸ்' என்ற போர்க்கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். புயல் என்றது அரசுத் தரப்பு. அவர்களில் லூயிஸ் அலெஹாந்த்ரோ வெலாஸ்கோ என்ற இளைஞர் மட்டும் பத்து நாள் சிறு மிதவையில் உணவின்றிக் கிடந்து உயிரோடு கரை சேர்ந்தார். நாடே அவரைக் கொண்டாடியது. வானொலியில் பேசினார், விளம்பரங்களில் வந்தார். எல்லாம் அடங்கிய பிறகு, 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழ் அலுவலகத்துக்குத் தாமே வந்து தம் கதையை எழுதச் சொன்னார். ஆறிப்போன கஞ்சி என்றுதான் அங்கே இருந்த நிருபருக்குத் தோன்றியது. அந்த நிருபர், பின்னாளில் நாவலாசிரியராக உலகப் புகழ்பெற்ற காபிரியேல் கார்சியா மார்க்கேஸ், வயது 28.

நாளுக்கு ஆறு மணி நேரம், இருபது அமர்வுகள். சம்பவத்தை நிமிடம் நிமிடமாகத் திரும்ப நடத்திக் காட்ட வேண்டும் என்பதே மார்க்கேஸின் முறை. கடலில் விழுந்த கணத்துக்கு வந்தபோது, புயலை விவரிக்கச் சொன்னார். புயலே இல்லை என்றார் மாலுமி. காற்றில் கப்பல் சாய்ந்தது. மேல்தளத்தில் முறையாகக் கட்டப்படாமல் கிடந்த சரக்கு சரிந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனது. என்ன சரக்கு? குளிர்பதனப் பெட்டிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், துணி துவைக்கும் இயந்திரங்கள். போர்க்கப்பலில் சரக்கு ஏற்றுவதே சட்டப்படி கூடாது. இதுவோ கடத்தல் சரக்கு. அந்தப் பாரத்தால்தான் கப்பல் திரும்பி வந்து அவர்களை மீட்கவும் முடியவில்லை.

அத்தனை செய்தியாளர் சந்திப்புகளிலும் வெளிவராத இந்தச் செய்தி வெளிவந்ததற்குக் காரணம், காட்சிக்குத் தேவையான ஒரு சாதாரணக் கேள்வி: அலை எப்படி இருந்தது, வானம் எப்படி இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது? பதினான்கு பகுதிகளாக, மாலுமியே தன்மையில் சொல்வதுபோல் அது வெளியானது. அரசு மறுத்தபோது, அதே பயணத்தில் சக மாலுமிகள் எடுத்திருந்த படங்களைத் தேடி வாங்கிப் பத்திரிகை வெளியிட்டது. பின்னணியில் பெட்டிகள் தெரிந்தன. வெலாஸ்கோ கடற்படையை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. பத்திரிகையும் சர்வாதிகார அரசின் கோபத்துக்கு ஆளாகிப் பின்னர் மூடப்பட்டது. 1970இல் நூலாக வந்தபோதுதான் மார்க்கேஸின் பெயர் அதில் ஏறியது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டைப் பற்றி, இப்படி எழுதப்பட்டிருக்கிறதா?

பி. சாய்நாத் 1990களின் தொடக்கத்தில் நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் தங்கி எழுதியவை அனைவரும் அறிந்தவை. இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் அடக்கம். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தை ஒட்டிப் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு விவரத்தைச் சுட்டலாம். பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். இருக்கையிலிருந்து கைப்பிடி வரை ஓடும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதே காரணம். பெண் விடுதலை பற்றிய எத்தனையோ வாக்கியங்கள் அந்தக் கம்பியின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவர் 2014இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழில், கிராமப்புற உழைப்பாளர்களைப் பற்றிய கட்டுரைகள் தமிழிலும் கிடைக்கின்றன.

எந்த இடத்தில் இது பொய்யாகிவிடுகிறது?

நிகழாத ஒரு விவரத்தைச் சேர்க்கும் முதல் கணத்தில். கால அளவைச் சுருக்குவது, மூன்று பேரைச் சேர்த்து ஒரு பாத்திரமாக்குவது, 'இப்படித்தான் பேசியிருப்பார்' என்று எழுதுவது எல்லாம் அதே வகைதான். அளவில் மட்டும் வேறுபாடு.

ஜேனட் குக் 1980 செப்டம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். நகரக் காவல்துறை சிறுவனைத் தேடியது; கிடைக்கவில்லை. 1981 ஏப்ரலில் அவருக்கு அமெரிக்க இதழியலின் பெரும் விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவரின் சொந்தக் கல்வித் தகுதியில் முரண்பாடு தெரிந்து துருவியபோதுதான் சிறுவனே இல்லை என்பது வெளிவந்தது. பரிசு திருப்பித் தரப்பட்டது. ட்ரூமன் கபோட்டி கான்ஸஸ் மாநிலக் கொலை வழக்கைப் பற்றி எழுதியதில் எல்லாமே உண்மை என்று அடித்துச் சொன்னார். அதன் முடிவாக வரும் கல்லறைத் தோட்டச் சந்திப்பு நடக்கவே இல்லை. ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' இதழ், தனக்கென்று பெரிய தகவல் சரிபார்ப்புப் பிரிவு வைத்திருந்தும், க்ளாஸ் ரெலோடியஸ் பல ஆண்டுகளாகக் கதை கட்டியதைக் கண்டுபிடிக்கவில்லை. சக நிருபர் ஹுவான் மொரேனோ தம் சொந்தச் செலவில் துருவியதால் 2018 டிசம்பரில் அது வெளிவந்தது. ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற அமெரிக்கச் சிற்றூரைப் பற்றி ரெலோடியஸ் எழுதியதில், கடலையே பார்த்திராதவர், காதலியே இல்லாதவர் என்று வர்ணிக்கப்பட்ட நகர நிர்வாகியின் படம் ஒன்றை ஊர்க்காரர்கள் எடுத்துக் காட்டினார்கள்: காதலியோடு கடற்கரையில் நிற்கும் படம்.

டெஸ்க்கில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை: எல்லா விவரமும் கருத்துக்கு அச்சு வார்த்தாற்போல் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். துண்டில் சுற்றிய போன்போல ஏதாவது ஒன்று பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதி.

உண்மையான விவரத்தால் தீங்கு வருமா?

வரும். கணவரை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரையில், அவர் வீட்டு அரிசி டிரம் காலியாக இருந்ததை நிருபர் பார்த்து எழுதியிருந்தார். நல்ல விவரம் என்று பாராட்டி, அதை முதல் வரிக்கு நகர்த்தியவன் நான். இதழ் வந்தபின் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா என் மகளைப் பொண்ணு பாக்க வர்றவங்க அதப் படிச்சிட்டாங்க" என்றார். வுல்ஃப் சொன்ன நான்காவது உத்தி கையில் கத்தி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு, வீட்டுக்குள் பார்த்த எதையும் எழுதும் முன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். இதனால் சில நல்ல வரிகளை இழந்திருக்கிறோம்.

எங்கள் பத்திரிகையில் 600 சொற்களுக்குமேல் இடம் இல்லை. என்ன செய்வது?

ஒரே ஒரு காட்சி போதும். பிரெஸ்லின் எழுதியதும் நாளிதழுக்குத்தான்.

கட்டுரையை எப்படி முடிப்பது?

'அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்', 'காலம்தான் பதில் சொல்லும்' ஆகிய இரண்டையும் தவிர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வரைவுகளில் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு, அதற்கு முந்தைய பத்தியோடு நிறுத்தினாலே சரியாக இருக்கும்.

சிறப்புக் கட்டுரைக்கான புலிட்சர் பரிசு 1979இல் தொடங்கியபோது முதலில் பெற்றவர் பால்டிமோர் நகரின் ஜான் ஃபிராங்க்ளின். ஒரு மூளை அறுவை சிகிச்சையைக் கடிகாரத்தோடு சேர்த்து, இதயத் துடிப்பை ஒலிக்கும் கருவியின் ஓசையோடு எழுதினார். கை நடுங்கக்கூடாது என்பதற்காகக் காலையில் காப்பி குடிக்காமல் கிளம்பும் மருத்துவரில் தொடங்குகிறது. நோயாளியை இழந்த அதே மருத்துவர், வீட்டிலிருந்து கட்டித்தந்த சாண்ட்விச்சைக் கடிப்பதில் முடிகிறது.

ஹெர்சி, பக்கம் பக்கமாகச் சொன்ன பிறகு, கடைசியில் தம் குரலையே விலக்கிக்கொள்கிறார். சன்னலருகே நின்ற அந்தத் தாயின் பத்து வயது மகன் பள்ளிக்கு எழுதிய கட்டுரையோடு நிறுத்துகிறார். முந்திய நாள் நீந்தப் போனதையும், காலையில் நிலக்கடலை தின்றுகொண்டிருந்ததையும், ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததையும் அந்தச் சிறுவன் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறான். மறுநாள் பாலத்தருகே தன் தோழிகள் இருவர் தங்கள் அம்மாக்களைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவும், ஒருத்தியின் அம்மாவுக்குக் காயம், மற்றவளின் அம்மா இறந்துவிட்டார் என்றும் எழுதி முடிக்கிறான்.